தாழ்ப்பாள் அக்கா திறந்த மடிக்கணினி

பயம் ஒருவரைக் காப்பாற்றுமா, அல்லது அது தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுமா? தாழ்ப்பாள் அக்காவோடு கொஞ்ச காலம் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும்.

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அவர் வீடு. வாசல் கதவில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று தாழ்ப்பாள்கள். ஒருமுறை சாப்பிட வந்த நாத்தனார், வெளியே நின்று மூன்றும் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “அண்ணி, உள்ளே வர்றதுக்குள்ள எனக்குப் பசியே போயிடுச்சு” என்றார். அன்று வைத்த பெயர் தாழ்ப்பாள் அண்ணி. கட்டடம் முழுக்கப் பரவும்போது அண்ணி அக்காவானார். தாழ்ப்பாள் அப்படியே நின்றுவிட்டது.

பஸ் நிறுத்தம்வரை போனவர் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவார். அரை மாத்திரை போடுவதற்கு முன் அதோடு வரும் தாளில் உள்ள பக்கவிளைவுகளை முழுக்கப் படிப்பார். படித்த பிறகு பெரும்பாலும் மாத்திரையைப் போடமாட்டார். மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை பார்க்கும் அவர் கணவர், “எங்க கம்பெனிக்கு இவ ஒருத்தியாலேயே நஷ்டம்” என்பார். இதையெல்லாம் கேலி செய்வது சுலபம். ஆனால் பயந்தவர்கள் உலகத்தைக் கவனித்துப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கவனம் ஒரு நற்குணமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் அவருக்குச் சோறு போட்டது அதுதான்.

அவர் பல்கலைக்கழகத்தில் நேரடி எழுத்தர். காது கேட்காத ஒருவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தால், பேசுகிறவர் பேசப் பேச அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து மடிக்கணினியில் தட்டுவார். அந்த எழுத்துகள் வைஃபை வழியாக முன்வரிசையில் இருப்பவரின் சின்னத் திரையில் ஓடும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இரண்டு விநாடிதான் இடைவெளி. விரல்கள் மட்டும் அந்த வேகத்துக்குப் போதாது. அதனால் பத்தொன்பது வருடங்களாக அவர் ஒரு சுருக்குப் பட்டியல் சேர்த்திருந்தார். இரண்டு எழுத்தைத் தட்டினால் ஒரு நீளமான சொற்றொடர் விரியும். முப்பத்தோராயிரத்துச் சொச்சம் சுருக்குகள். பட்டியல் இல்லாத இன்னொரு மடிக்கணினியைக் கொடுத்தால், அவரும் நம்மைப் போல ஒரு சாதாரணத் தட்டச்சுக்காரர்.

அந்தப் பட்டியலுக்கு வேறெங்கும் நகல் கிடையாது. பத்து வருடங்களுக்கு முன் யாரோ கொடுத்த பென்டிரைவில் வைரஸ் வந்தது. அன்றிலிருந்து அவர் கணினியில் எதையும் சொருக விட்டதில்லை. இணையத்தில் சேமித்து வைக்கலாமே என்றால், “அது யாரோ ஒருத்தரோட கம்ப்யூட்டர்தானே” என்பார். தவறான வாதம் என்று சொல்ல முடியாது.

மூன்று வருடங்களாக அவர் எழுதிக் கொடுத்தது, எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடும் ஒரு பள்ளி ஆசிரியைக்கு. முப்பத்தொரு வயதில் ஒரு காய்ச்சலோடு டீச்சரின் காது போயிற்று. பள்ளிக்கூடம் அவரை வகுப்பிலிருந்து நூலகத்துக்கு மாற்றியது. அங்கே சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வகுப்பறைச் சத்தம் பிள்ளைகளின் கவனத்தை என்ன செய்கிறது என்பதுதான் அவர் ஆய்வு. வாய் நன்றாகப் பேசும். தன் குரல் தனக்குக் கேட்காததால் கொஞ்சம் உரக்கப் பேசுவார். அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா எல்லாவற்றையும் எழுதமாட்டார். யாராவது டீச்சரைப் பற்றி அலட்சியமாக முணுமுணுத்தால், பின்வரிசையில் விரல்கள் ஓய்வெடுத்துக்கொள்ளும். முன்வரிசைக்கு அது தெரியாது. இதை இரக்கம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சரின் வாய்மொழித் தேர்வு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை துறையில் ஒத்திகை வைத்தார்கள். நடுவில் அக்காவின் மடிக்கணினி வைஃபையை விட்டுவிட்டது. கொஞ்ச நாளாகவே அது அப்படித்தான். உள்ளே இருக்கும் வைஃபை கார்டு பழசாகிவிட்டது. நாற்பது விநாடி. அதற்குள் ஒரு கேள்வி போய்விட்டது. டீச்சர் முந்தைய கேள்விக்கே இன்னொரு முறை விளக்கமாகப் பதில் சொன்னார். அறையில் இரண்டு மூன்று பேர் குனிந்து சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் டீச்சர் கேட்டார்: “அக்கா, நான் என்ன சொல்லிட்டேன்? எதுக்குச் சிரிச்சாங்க?”

அக்கா திரையில் தட்டினார்: நெட் போயிடுச்சு. என் தப்பு.

“திங்கட்கிழமை போயிடாதே?”

அக்கா தட்டினார்: போகாது.

தேர்வாளர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். இந்தத் தேதி தவறினால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. பாதியில் எழுத்து நின்றால் என்ன ஆகும் என்பதை ஒத்திகையே காட்டிவிட்டது.

புதுக் கார்டு வீட்டில் தயாராக இருந்தது. வேறு ஊரில் கணினி வேலை பார்க்கும் தம்பி வாங்கி அனுப்பியிருந்தார். போனில், “கடையில குடுத்து மாத்திக்கக்கா, அரைமணி நேர வேலை” என்று சொல்லியும் இருந்தார். ஆனால் நாத்தனாரின் கணினியை ஒரு கடையில் கொடுத்தபோது, விசிறிச் சத்தத்தைச் சரி செய்யச் சொன்னதற்கு எல்லாவற்றையும் அழித்துத் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் படங்கள்கூட மிஞ்சவில்லை. அக்காவுக்கு அந்தக் கதை நேற்று நடந்ததுபோல நினைவிருந்தது. முப்பத்தோராயிரம் சுருக்குகளை முன்பின் தெரியாத ஒருவர் மேசையில் விட்டுவிட்டு வர அவரால் முடியாது.

ஆகவே, பயந்த ஒருவர் செய்யக்கூடியதிலேயே மிக ஆபத்தான காரியத்தை, பயத்தினாலேயே, செய்ய முடிவெடுத்தார். தானே மாற்றுவது.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தார். எட்டு நிமிட வீடியோ ஒன்றைப் போனில் ஆறு முறை பார்த்திருந்தார். அதில் முகம் தெரியாத ஒருவரின் கைகள் எல்லாவற்றையும் சிரமமில்லாமல் செய்தன. உடம்பில் இருக்கும் மின்சாரம் உள்ளே பாய்ந்துவிடக் கூடாது என்று அந்தக் குரல் எச்சரித்ததால், அக்கா ஒவ்வொரு நிமிடமும் எழுந்துபோய் இரும்பு பீரோவைத் தொட்டுவிட்டு வந்தார்.

“என்ன, பீரோகிட்ட அடிக்கடி ஆசீர்வாதம் வாங்குறே?” என்றார் கணவர்.

“பேசாதீங்க. கை நடுங்குது.”

“நடுங்குற கைக்கு எதுக்கு ஸ்குரூடிரைவர்? நான் பண்ணட்டுமா?”

“நீங்க போன மாசம் மிக்சியைப் பிரிச்சீங்க.”

“பிரிச்சேன்.”

“இன்னும் பிரிஞ்சேதான் இருக்கு.”

கணவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

பதினோரு திருகாணிகள். இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. அவை ஒரே நீளம் இல்லை; நீளமானதைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் உள்ளே பலகையைத் துளைத்துவிடும். அக்கா ஒரு அட்டையில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். இந்த ஒரு காரியத்தில் வீடியோக்காரரைவிட அவர் மேல்.

மூடி விடுபடும்போது பிளாஸ்டிக் கொக்கிகள் ஒவ்வொன்றாகச் சடசடத்தன. ஒவ்வொரு சடசடப்புக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். மூலையில் தபால்தலை அளவில் வைஃபை கார்டு தெரிந்தது. அதன் தலையில் இரண்டு மெல்லிய கம்பிகள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. முனை கடுகளவு. வீடியோவில் அவை நகத்தால் நெம்பியதும் கிளம்பின. இங்கே கறுப்பு கிளம்பியது. வெள்ளை அசையவில்லை. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார். வந்துவிட்டது, ஆனால் வரும்போது பல்லில் கல் கடிபட்டதுபோல ஒரு சத்தம்.

அதை என்னவென்று பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பழைய கார்டை உருவி, புதுக் கார்டைச் சாய்வாகச் செருகி, ஒற்றைத் திருகாணியை முடுக்கினார். கறுப்புக் கம்பி ‘டக்’ என்று உட்கார்ந்தது. வெள்ளைக்கு ‘டக்’ வரவில்லை. இன்னும் அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார். மூடி, பதினோரு திருகாணிகள், பொத்தான்.

திரை முழுக்க நீலம். நடுவில் ஒரே ஒரு கட்டம். இந்தக் கணினியின் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது, நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கொடுத்தால்தான் திறப்பேன் என்றது அது.

இந்தப் பூட்டு அக்காவே கேட்டுப் போட்டதுதான். நான்கு வருடங்களுக்கு முன் இந்த மடிக்கணினி வாங்கி, தம்பி வைஃபை வழியாகவே பட்டியலை இதற்கு மாற்றிப் பழையதில் அழித்தபோது, திருடு போனாலும் யாரும் பட்டியலைப் பார்க்கக் கூடாது என்று தம்பியிடம் சொல்லி, உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டச் சொன்னார். தம்பி எண்ணை எழுதிக் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னார்.

தம்பிக்குப் போன் போட்டார். கணவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“சரிக்கா, பயப்படாத. நான் எழுதிக் குடுத்த பேப்பரை எடு.”

“அது இல்லடா.”

“எங்க போச்சு?”

“பேப்பர் யார் கையிலயாவது சிக்கிடுமேன்னு கிழிச்சிட்டேன்.”

“கிழிக்கறதுக்கு முன்னாடி வேற எங்கயாவது எழுதி வச்சிருப்பியே?”

நீளமான எதையும் அக்கா மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. முகவரி, கணக்கு எண், உறவினர்களின் போன் எண், எல்லாவற்றையும் சுருக்குகளாக்கிவிடுவார். தொழில் கொடுத்த பழக்கம். சாவிக்குச் சுருக்காக ‘சா’ என்று தட்டினால் நாற்பத்தெட்டு இலக்கமும் கடகடவென்று விழும். நான்கு வருடங்களாக அது அங்கே பத்திரமாக இருக்கிறது.

“சுருக்குப் பட்டியல்ல இருக்கு” என்றார்.

“பட்டியல் எங்க இருக்கு?”

“இதுக்குள்ள.”

மறுமுனையில் தம்பி பெருமூச்சு விடுவது கேட்டது. “பெட்டியோட சாவியைப் பெட்டிக்குள்ளயே வச்சுப் பூட்டியிருக்கே.”

போன் வைத்த பிறகும் அக்கா அந்த நீலக் கட்டத்தில் ‘சா’ என்று தட்டிப் பார்த்தார். அந்தக் கட்டம் எண்ணைத் தவிர எதையும் ஏற்காது. எழுத்தே விழவில்லை. மறுபடி தட்டினார். நம் நினைவு என்று நாம் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு நமக்குள் இருக்கிறது என்று யோசிக்க அது நல்ல சந்தர்ப்பம். அவர் யோசித்திருக்கமாட்டார். அவர் கண்ணில் தெரிந்தது, திங்கட்கிழமை காலையில் எழுத்து வராத ஒரு சின்னத் திரையும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் டீச்சரும்.

பிற்பகல், கணவர் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொள்ள, இருவரும் பழுது பார்க்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நீலத் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“யார் திறந்தது?”

“நான்தான்.”

“எதுக்குங்க? வைஃபைதானே வேணும்? விரல் நுனியளவு ஒரு குச்சி இருக்கு. பக்கவாட்டுல சொருகினா முடிஞ்சுது.”

“அவ எதையும் சொருக விடமாட்டா. நல்லவேளை, கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு முன்னாடியே என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. இல்லேன்னா என்னையும் வீட்டுக்குள்ள விட்டிருக்கமாட்டா” என்றார் கணவர். கடைக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“இனி என்ன செய்யறது?” என்று கேட்டார்.

“நம்பர் இருந்தா ஒரு நிமிஷம். இல்லேன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்.”

அக்கா மடிக்கணினியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“அழிக்கலீங்க, கையை எடுங்க. இன்னொண்ணு இருக்கு. பழைய கார்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. சில மெஷின் பழைய பாகத்தைப் பார்த்ததும் சமாதானமாகிடும். சிலது ஆகாது. வச்சிட்டுப் போங்க, செவ்வாய்க்கிழமை பார்த்துத் தரேன்.”

“திங்கட்கிழமை வேணும்.”

“கடையில எனக்கு முன்னாடி பன்னெண்டு மெஷின் நிக்குது.”

அவர் வைத்துவிட்டு வரவில்லை. கிளம்பும்போது கணவர் மட்டும் பின்தங்கி, எதையோ வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி வெள்ளைத் துணி.

“பழைய கார்டு எங்கே?” என்றார் கணவர். “குப்பையில போட்டுட்டியா?”

“பீரோவுல.”

“பூட்டியா?”

“பூட்டிதான்.”

“நல்லவேளை, அந்தச் சாவி பீரோவுக்கு வெளியில இருக்கு.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் முந்தைய நாள் சத்தத்தின் அர்த்தம் விளங்கியது. பழைய கார்டில் வெள்ளைக் கம்பி உட்காரவேண்டிய உலோக வளையமே இல்லை. அது பிய்ந்துகொண்டு, கம்பியின் வாய்க்குள் சிக்கிக் கிடந்தது. அதனால்தான் புதுக் கார்டிலும் ‘டக்’ வரவில்லை. பார்க்கப் பயந்து விட்ட இடம் அதுதான். ஊசியால் நெம்பிப் பார்த்தார். கம்பியின் முனையே வாய் பிளந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

புதுக் கார்டை எடுத்துவிட்டுப் பழைய கார்டை அதன் இடத்தில் வைத்து, கறுப்புக் கம்பியை மட்டும் மாட்டி, பதினோரு திருகாணிகளையும் முடுக்கினார். பொத்தானில் விரலை வைத்துவிட்டு அழுத்தாமல் நின்றார். கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கேலி பேசுகிறவர்கள் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது அபூர்வம்.

அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. வழக்கத்தைவிட வெகுநேரம் இருந்தது. பிறகு, எதுவும் நடக்காததுபோல, எப்போதும் வரும் முகப்பு வந்தது.

அக்கா முதலில் செய்தது ‘சா’ என்று தட்டியது. எண்கள் கடகடவென்று விழுந்தன. ஒரு தாளில் தன் கையால் எழுதினார். நான்கு முறை சரிபார்த்தார். அந்தத் தாளை இந்த முறை கிழிக்கவில்லை.

வைஃபை சரியாகப் பிடிக்கவில்லை. ரூட்டரின் பக்கத்தில் போனால் வந்தது. இரண்டடி தள்ளினால் போயிற்று. கணவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று புதிய பென்டிரைவ். மற்றது உறை பிரிக்காத வைஃபை குச்சி.

“உன் இஷ்டம்” என்றார்.

பென்டிரைவை அக்கா சொருகினார். பட்டியல் நகலாகும்வரை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடங்கள் நகலாகப் பதினோரு விநாடி ஆயிற்று. குச்சியை உறையோடு கைப்பையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமைப் பிரச்சினை தீர்ந்தது என்று கணவர் நினைத்தார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

தேர்வறையில் நானும் பார்வையாளனாக இருந்தேன். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா வந்தார். பின்வரிசையில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியைத் தூக்கினார். அறையின் குறுக்கே அதை எடுத்துக்கொண்டு நடந்து, டீச்சரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இருவரும் தோள்கள் ஒட்டி ஒரே திரையைப் பார்க்கும்படி மடிக்கணினியை நடுவில் வைத்தார்; இனி சின்னத் திரையும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம்.

தேர்வாளர்களில் மூத்தவர் கேட்டார்: “இவங்க யாரு? பக்கத்துல உக்காரலாமா?”

அது திரையில் விழுந்ததும் டீச்சர் நிமிர்ந்தார். “என் காதுங்க. இவ்வளவு நாள் பின்னாடி இருந்துச்சு. காது இருக்கவேண்டிய இடத்துக்கு இன்னைக்குத்தான் வந்திருக்கு.”

மூத்தவர் தலையசைத்தார். கேள்விகள் தொடங்கின. இரண்டு எழுத்து விழுவதும் அது ஒரு சொற்றொடராக விரிவதும் டீச்சர் இதுவரை பார்த்திராத காட்சி. முதல் சில நிமிடங்கள் கேள்வியைவிட அதைத்தான் அதிகம் கவனித்தார் என்று தோன்றியது. அப்புறம் சமாளித்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் ஆனபோது, இரண்டாவது தேர்வாளர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, “காது கேக்காதவங்க சத்தத்தைப் பத்தி எழுதியிருக்காங்க பாருங்க” என்று மெல்லச் சொல்லிச் சிரித்தார். எல்லோருக்கும் கேட்டது.

அக்காவின் விரல்கள் நின்றன. மூன்று வருடப் பழக்கம். ஆனால் இந்த முறை டீச்சர் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் நின்றதைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அக்கா தட்டினார். ஒரு சொல் விடாமல். சுருக்கு எதுவும் இல்லாத வாக்கியம் அது. ஒவ்வொரு எழுத்தாக அடிக்க வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் வந்தது.

டீச்சர் படித்தார். இரண்டாவது தேர்வாளர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, சத்தத்துக்குள்ளேயே இருக்கிறவங்களுக்கு அது எவ்வளவுன்னு தெரியறதில்ல. எனக்கு அளந்தாத்தான் தெரியும். அதனால அளந்தேன். நூத்திப் பதினேழாம் பக்கத்துல இருக்கு.”

காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. அந்தப் பதிலை நான் பாராட்டவே விரும்புகிறேன். மற்ற பதில்கள் போதுமான அளவுக்கு இருந்தன. பட்டம் கிடைத்தது.

வாசலில் டீச்சர் கேட்டார்: “அக்கா, இந்த மாதிரி பேச்செல்லாம் முன்னாடியும் வந்திருக்குமே?”

அக்கா மடிக்கணினியைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், ஆமாம் என்று. கொஞ்ச தூரம் இருவரும் ஒன்றாகவே நடந்து போனார்கள்.

வீட்டுக் கதவின் மூன்று தாழ்ப்பாள்களும் இன்னும் இருக்கின்றன. அடுப்பைப் பார்க்கத் திரும்பி வருவதும் நிற்கவில்லை. வெள்ளைக் கம்பியை மாற்றித் தருவதாகத் தம்பி இரண்டு முறை சொல்லிவிட்டார். அக்கா பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். டீச்சருக்குப் பிறகு இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தார், இப்போது மூன்றாமவருக்கு எழுதுகிறார். எந்த அறைக்குப் போனாலும் முதலில் பின்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறார்.

“குச்சியைச் சொருகினா பின்னாடியே நிம்மதியா உக்காரலாமே” என்று கணவர் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

“உக்காரலாம்” என்றாராம் அக்கா.

அந்தக் குச்சி இன்னும் உறை பிரிக்காமல் அவர் கைப்பையில்தான் இருக்கிறது.